அக்காவின் வண்டிக்கு ஒரு கியர்பாக்ஸ்

கியர்பாக்ஸைத் தவிர வேறெதையும் லேசில் தொடமாட்டார் என்பதால் அவருக்குப் பல் டாக்டர் என்று பெயர் வந்தது. வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போதெல்லாம் பேங்க்கில் மட்டும்தான் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதற்கும் அவர் சட்டென்று திரும்பிப் பார்ப்பதில்லை.

பட்டறை கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மூன்று வண்டி உள்ளே நின்றுவிட்டால், அதற்குமேல் வருகிற மனுஷன் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். சுவரில் வரிசையாக ஆணி அடித்து, பல் உடைந்த பழைய கியர்களை மாட்டி வைத்திருந்தார். வருகிறவர்களிடம் அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இது ரெண்டாவது கியர். ஓட்டினவன் அவசரக்காரன். கிளட்சை முழுசா மிதிக்காமலே மாத்தியிருக்கான். பாவம், வாயே போயிடுச்சு" என்று செத்துப்போன சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கியர்பாக்ஸின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாரென்றால், எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, எந்த பேரிங் அழுகிறது என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தப்பிப்போன சமயங்களை அவர் ஞாபகத்தில் வைத்துக்கொள்வதில்லை.

ஆட்டோமேட்டிக் வண்டி ஏதாவது சந்துக்குள் தலையை நீட்டினால் மட்டும் முகத்தைச் சுளிப்பார். "அது கியர்பாக்ஸா? எண்ணெய்ச் சட்டி. அதெல்லாம் நான் தொடறதில்ல" என்று வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். கடைத்தெருவில் எல்லோரும் அதை அவருடைய கொள்கை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிச் சொல்லி அவரும் அப்படியே நம்பத் தொடங்கியிருந்தார்.

அவருக்கு ஒரே அக்கா. அம்மா வேலைக்குப் போய்விடும் நாட்களில் இந்தப் பொடியனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்துப் படித்து, நர்ஸ் ஆனவள். ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் சும்மா உட்காரத் தெரியவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காக, காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் வயசாளிகள் இருக்கிற வீடுகள். வெறும் வயிற்றோடு, காலையில் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல், எப்போது இவள் வருவாள் என்று ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அக்கா வந்து ஊசி குத்தினால்தான் அவர்களுக்கு அன்றைய பொழுது தொடங்கும். குத்தியதே தெரியாது என்பார்கள். "கொசு கடிச்சாக்கூட இதைவிட வலிக்கும்" என்று ஒரு கிழவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவள் போவதும் வருவதும் ஒரு சின்னப் பழைய காரில். இரண்டே கதவு, உருண்டை விளக்கு, பின்சீட்டில் பெரிய மனுஷர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். கல்யாணத்துக்கு முன்பே அவள் புருஷன் வாங்கியது. அதில்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் காலமான பிறகு, வெளியூரில் இருக்கும் மகன் போன் செய்யும்போதெல்லாம் "அதை வித்துத் தொலைங்கம்மா" என்பான். "அதை வித்தா என்னையும் சேர்த்து வித்துடு" என்று அக்கா போனை வைத்துவிடுவாள். பின்சீட்டில் ஐஸ் பெட்டியை பெல்ட் போட்டுக் கட்டி, உள்ளே ரத்தக் குப்பிகளை நிற்க வைத்து, பாலத்தில் ஏறி இறங்கி, பசியோடு இருப்பவர்களிடம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

பரிசோதனைக் கூடத்தின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள் ஒருநாள். இடது இடுப்பு எலும்பு போயிற்று. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். நடக்கத் தொடங்கி, மறுபடி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில், ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்த காரின் என்ஜின் தண்ணீரும் எண்ணெயும் கலந்து உயிரை விட்டது. பல் டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். என்ஜினின் உடம்பிலேயே வெடிப்பு. அந்தக் காலத்து என்ஜினுக்கு மாற்றுச் சாமான் கிடைக்காது. வேறு வண்டியின் என்ஜினைத்தான் தூக்கி உட்கார வைக்கவேண்டும்.

"செய்டா. நீ செஞ்சா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா. கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒண்ணே ஒண்ணு. என்ஜின் மாத்தும்போதே கிளட்ச் இல்லாத வண்டியா மாத்த முடியுமா பாரு. இந்த இடது கால் ஒத்துழைக்க மாட்டேங்குது. தூக்கித் தூக்கி வைக்கிறதுதான் கஷ்டமா இருக்கு" என்றாள்.

தம்பியிடம் அவள் எதையும் கேட்கிற வழக்கமில்லை. கொடுத்துத்தான் பழக்கம்.

"பார்க்கிறேன்க்கா" என்றார் பல் டாக்டர்.

ஊர் எல்லையில் பழைய வண்டிகளை உடைக்கிற யார்டு ஒன்று இருந்தது. அங்கே ஒரே கம்பெனியின் சின்ன வேன்கள் இரண்டு கிடந்தன. ஒன்று பின்னால் அடிபட்டது, மற்றது பக்கவாட்டில் நசுங்கியது. இரண்டிலும் என்ஜின் ஒன்றுதான். அளவு, எடை எல்லாம் அக்காவின் காருக்குச் சொல்லி வைத்ததுபோல் இருந்தது. கியர்பாக்ஸ்தான் வேறு. பின்னால் அடிபட்டதில் ஐந்து கியர், கையால் மாற்றுகிற வகை. பக்கவாட்டில் நசுங்கியதில் ஆட்டோமேட்டிக்.

அக்கா காரில் முதலிலிருந்தே இருந்த நாலு கியர் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றும் ஒரு கணம் யோசித்தார். அது அந்த வண்டியோடு பிறந்தது. ஆனால் புது என்ஜினின் வாயும் பழைய பெட்டியின் வாயும் ஒட்டாது. நடுவில் ஒரு தட்டு கடைந்து ஒட்ட வைத்தாலும், இந்த என்ஜின் தருகிற இழுவைக்கு அந்தக் கிழட்டுப் பற்கள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அதை அவர் மனதுக்குள் கைகூப்பி அனுப்பிவிட்டார்.

மீதி இரண்டு.

ஐந்து கியர் பெட்டியின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. பற்கள் நேற்று முளைத்தவைபோல் ஓரம் மழுங்காமல் இருந்தன. கையால் கியர் ராடைத் தள்ளினார்; ஒவ்வொரு கியரும் பெட்டிச்சாவி திரும்புகிற மாதிரி 'டக்' என்று விழுந்தது. இந்த மாதிரி ஒரு பெட்டியை இந்த மாதிரி ஒரு குட்டி வண்டியில் போட்டால் எப்படி ஓடும் என்று அவர் மனசு அங்கேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டது.

யார்டுக்காரர் வாயில் எதையோ மென்றபடி வந்து நின்றார். "யாருக்கு வண்டி?"

"எங்க அக்காவுக்கு."

"இடுப்புல ஆபரேஷன் ஆச்சுன்னு சொன்னீங்களே, அவங்களுக்கா? அப்புறம் என்னத்துக்கு அதையே கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க. இந்தா, இதத் தூக்கிட்டுப் போங்க" என்று நசுங்கிய வேனைக் காலால் தட்டினார். "இதுவும் அதிகமா ஓடாததுதான். ஓட்டிப் பார்த்துட்டுத்தான் உள்ள விட்டேன்."

சாமான் பிரிக்கிற ஆளுக்குக்கூட ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. பல் டாக்டருக்குத் தெரியாமலா இருக்கும்.

இருந்தாலும் அவர் ஒழுங்காகத்தான் தொடங்கினார், அதைச் சொல்லிவிடவேண்டும். ஆட்டோமேட்டிக் பெட்டியைச் சுற்றிலும் அளந்தார். அட்டையை வெட்டி அதன் வடிவத்தை எடுத்துக்கொண்டார். பட்டறைக்கு வந்து அக்காவின் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் மல்லாந்து படுத்து, அட்டையை மேலே பிடித்துப் பார்த்தார். காரின் தரையில், முன்சீட்டு இரண்டுக்கும் நடுவே, தகரம் ஒரு மேடுபோல நீளமாக எழும்பியிருக்கும். அதற்கடியில்தான் கியர்பாக்ஸ் உட்காரும். அட்டை முன்பக்கம் நன்றாகப் போயிற்று. நடுவில், எண்ணெய் நிற்கிற பகுதி வந்ததும் இடித்தது. இரண்டு விரல் அகலம். அவ்வளவுதான்.

அந்தத் தகரத்தை இரண்டு விரல் வெட்டி, கொஞ்சம் அகலமாக வேறு தகரம் வளைத்து வெல்டிங் வைத்தால் தீர்ந்தது. பெட்டியைத் தாங்குகிற குறுக்குக் கம்பியைப் பின்னால் தள்ளவேண்டும். பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைச் சுருக்கவேண்டும். ரேடியேட்டர் முன்னால் ஒரு குட்டி ஆயில் கூலர். இதில் எந்த வேலையும் அவருக்குப் புதிசில்லை. அடுத்தவர் வண்டியென்றால் கட்டரை எடுத்தபடியே பேரம் பேசியிருப்பார்.

அட்டையைப் பிடித்தபடியே அவர் அங்கே வெகுநேரம் படுத்திருந்தார். வண்டியின் உடம்பை வெட்டக்கூடாது, பழைய தகரம், வலு போய்விடும் என்று ஒரு காரணம் வந்தது. எண்ணெய்ச் சட்டி வைத்தால் வண்டிக்கு இருக்கிற ஓட்டமும் போய்விடும் என்று இன்னொன்று. அந்தத் தேன் நிற எண்ணெய் வேறு கண்ணுக்குள்ளேயே நின்றது. வேறு ஒன்றும் உள்ளே இருந்தது. அதை மட்டும் அவர் எட்டிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தார். "அக்கா, அளந்து பார்த்துட்டேன். ஆட்டோமேட்டிக் உன் வண்டிக்குள்ள நுழையாது."

'வெட்டாமல்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அது உண்மை. அந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டார்.

"அப்படியா" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் இறங்கித்தான் போயிற்று. உடனே அவளே சமாதானம் சொன்னாள். "பரவாயில்லடா. வண்டி சின்னதுதானே, அதுக்கு எங்க இடம் இருக்கப் போகுது. எது போகுமோ அதைப் போடு."

"கிளட்சைப் பஞ்சு மாதிரி பண்ணித் தரேன்க்கா. விரலால அமுக்கலாம்."

சொன்னபடி செய்தார். மனசு உறுத்துகிறவன் வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டுமானால் அந்த வண்டியைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு போல்ட்டையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய் துடைத்து முடுக்கினார். கியர் ராட் அக்காவின் கைக்கு எட்டுகிற இடத்துக்கு வருமாறு ஒரு துண்டு கடைந்து சேர்த்தார். கிளட்ச் சிலிண்டரை அளவு சிறியதாக மாற்றினார். மிதிப்பதற்கு இப்போது பாதி பலம் போதும். பதிலுக்கு, பெடலைக் கொஞ்சம் கூடுதல் ஆழம் அமுக்கவேண்டும். காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கவும் வேண்டும். கனத்தைத்தான் அவர் கணக்குப் போட்டார். காலைத் தூக்கித் தூக்கி வைப்பதுதான் கஷ்டம் என்று அக்கா வாய்விட்டுச் சொன்னதை, மெக்கானிக் காதில் வாங்கிக்கொண்ட விதம் அது.

வண்டி வெளியே வந்த அன்று சந்தே கூடிவிட்டது. பெயின்ட் கடைக்காரர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இறங்க மனசில்லாமல் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் விழறதே தெரியலடா" என்றாள். பல் டாக்டருக்கு வாயெல்லாம் பல். அந்தச் சிரிப்பு வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. தெருவுக்குள் ஓட்டும்போது அக்காவுக்குச் சிரமம் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. கொஞ்சம் நகர்ந்து, கொஞ்சம் நின்று, மறுபடி நகர்ந்து. ஒவ்வொரு தடவையும் கிளட்ச். இடது தொடை நடுங்க ஆரம்பித்தது. நிறுத்த இடமில்லை, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். கால் தானாக நழுவியது. வண்டி ஒரு குதி குதித்து அணைந்து, பின்னால் உருண்டு, ஒரு டெலிவரி வேனின் மூக்கில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேன்காரர் பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்த அக்காவையும் பார்த்துவிட்டு, "நீங்க முதல்ல உட்காருங்கம்மா" என்றார்.

ஐஸ் பெட்டி பெல்ட்டிலிருந்து நழுவிக் கவிழ்ந்திருந்தது. அன்று எடுத்த ரத்தம் அவ்வளவும் வீண். அந்த வயசாளிகளை மறுநாளும் பட்டினி போட்டு, மறுபடி ஒவ்வொரு கையிலும் நரம்பு தேடி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஊசி குத்தினாள் அக்கா. ஆட்டோவில் போனாள்.

அந்த வாரக் கடைசியில் பட்டறைக்கு வந்தாள். சாவியை வேலை மேஜையில், இரும்பு வைஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்டா."

"எதுக்குக்கா? கிளட்சை இன்னும் இளக்கித் தரேன்."

"உன் வேலையில ஒரு குறையும் இல்லடா. பூ மாதிரிதான் இருக்கு. என் கால்தான் சரியில்ல." வண்டியின் கூரையில் ஒரு தட்டு தட்டினாள். "சும்மா நின்னா வீணாப் போயிடும். நீ ஓட்டு. உனக்கு இது மேல உசுருன்னு எனக்குத் தெரியாதா."

இதைவிட அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

ஓட்டாமல் இருந்தாரா என்றால், இல்லை. அங்கேதான் மனுஷன் கேவலப்பட்டுப் போனார். பேட்டரி இறங்கிவிடும் என்று ஒருநாள் எடுத்தார். டயர் தட்டையாகிவிடும் என்று இன்னொரு நாள். ஊருக்கு வெளியே ரோடு நீளும் இடத்தில் நாலாவதிலிருந்து ஐந்தாவதுக்குத் தள்ளும்போது, ராட் கைக்குள் வெண்ணெயாக இழைந்தது. அந்த நேரம் அவருக்கு உலகமே மறந்துவிட்டது. திரும்பி வருகிறபோது, கடைத்தெரு முனையில், பஸ்ஸுக்காக ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நிற்கிற அக்காவைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். வண்டி நன்றாக ஓடுகிறதே என்று முகம் மலர்ந்து கையை ஆட்டினாள். அவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். வழி நெடுக அவள் பேசினாள். அவருக்கு என்ன பேசினாள் என்றே ஏறவில்லை. பாதி வீடுகளை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது மட்டும் காதில் விழுந்தது. நேரத்துக்கு வரமுடியவில்லையாம். பசியோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்கள், அதுவும் நியாயம்தானே என்று அவளே பரிசோதனைக் கூடத்துக்காக வாதாடினாள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவள். பிள்ளைகள் சொல்கிற சாக்குகளைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்தவள். எதிரே உட்கார்ந்து, "என்ன பண்ணீங்க?" என்றாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

சொன்னார். அட்டை வெட்டியதிலிருந்து எல்லாம். தகரத்தின் வலுவைப் பற்றி, வண்டியின் ஓட்டத்தைப் பற்றி நீளமாகச் சொன்னார்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் அவள். "ஆட்டோமேட்டிக் வண்டி உங்களுக்குப் பார்க்கத் தெரியுமா?"

அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

"இத்தனை வருஷமா தொடமாட்டேன் தொடமாட்டேன்னு சொல்றீங்களே. தெரிஞ்சு தொடாம இருக்கீங்களா, தெரியாம தொடாம இருக்கீங்களா?"

ஒருமுறைகூட அவர் அதைப் பிரித்துப் பார்த்தது கிடையாது. இளமையில் முதன்முதலாக ஒன்று பட்டறைக்கு வந்தபோது, உள்ளே எண்ணெய் ஓடும் வழிகளின் படத்தைப் புத்தகத்தில் பார்த்துத் தலை சுற்றி, யாருக்கும் தெரியாமல் மூடி வைத்துவிட்டார். எண்ணெய்ச் சட்டி என்ற பட்டப்பெயரை அன்றுதான் கண்டுபிடித்தார். ஊர் சிரித்தது, அவருக்கும் வசதியாகப் போயிற்று. அக்காவின் வண்டிக்கு அதைப் போட்டிருந்தால், நாளைக்கு அது மக்கர் செய்யும்போது, இன்னொரு பட்டறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டும். காருக்கு அடியில் படுத்திருந்தபோது அவர் எட்டிப் பார்க்க மறுத்த காரணம் இதுதான். இதற்காகத்தான் அக்காவை பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி வைத்தார்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி. "ஆறப்போட்டா உங்களுக்கு நாக்கு எழும்பாது. எனக்குத் தெரியாதா உங்களை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் யார்டுக்குப் போய், அந்த ஆட்டோமேட்டிக் இன்னும் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். கிடந்தது. அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போனார். மாடி ஏறும்போது, சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே ஏறினார். கதவு திறந்தே இருந்தது.

அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கணுக்காலில் துணிப்பை ஒன்று கட்டியிருந்தது. கையால் தைத்த பை, உள்ளே மணல். பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள், நடுங்க நடுங்கப் பிடித்தாள், மெல்ல இறக்கினாள். மூக்கின் நுனியில் வியர்வை நின்றது.

"வாடா. கொஞ்சம் பொறு, இதை முடிச்சுடறேன்" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்கிற பொண்ணு வந்துட்டுப் போகுது. விடாமச் செஞ்சா தொடைக்கு பலம் வருமாம். வந்துடுச்சுன்னா உன் வண்டிய நானே ஓட்டுவேன் பாரு. அவ்வளவு ஆசையா பண்ணிக் குடுத்திருக்க. ஓட்டத் துப்பில்லாம திருப்பிக் குடுத்துட்டேனேன்னு எனக்கு ஒரே சங்கடமா இருக்குடா."

மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"நுழையும்க்கா" என்றார்.

"எது?"

"ஆட்டோமேட்டிக். உன் வண்டிக்குள்ள நுழையும். அப்பவே நுழையும். நடுத்தகரத்தை ரெண்டு விரல் வெட்டணும், அவ்வளவுதான். அளந்து பார்த்துத்தான் வெச்சிருந்தேன்."

காலைத் தூக்கியபடியே அவள் அவரைப் பார்த்தாள். "அப்புறம் ஏன்டா நுழையாதுன்னு சொன்னே?"

"பழைய தகரம், வெட்டினா..." என்று ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டார். "எனக்கு அது தெரியாதுக்கா. ஒரு நாள்கூட பிரிச்சுப் பார்த்ததில்ல. உன் வண்டியில போட்டுட்டு, ஏதாவது ஆனா இன்னொருத்தர்கிட்டப் போய் நிக்கணுமே, அசிங்கமாப் போயிடுமேன்னு இருந்துச்சு. அந்த அஞ்சு கியர் பெட்டி மேல ஆசை வேற. பொய் சொல்லிட்டேன்."

அக்கா காலை இறக்கினாள். மணல் பை தரையில் தொப்பென்று உட்கார்ந்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் குனிந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். இடுப்பு வளையாததால் விரல் சரியாக எட்டவில்லை. உதவ நகர்ந்தவரைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பெட்டி இன்னும் இருக்கா, வித்துட்டாங்களா?"

"இருக்கு. இப்பத்தான் பார்த்துட்டு வரேன்."

"யார் போடுவா?"

"மார்க்கெட் தாண்டி ஒரு பட்டறை இருக்கு. ஆட்டோமேட்டிக் மட்டும்தான் செய்வாங்க. நல்லாச் செய்வாங்க. நாளைக்கு நான் போய்ப் பேசி..."

"நீ வண்டியக் கொண்டுபோய் நிறுத்து, போதும்" என்றாள். குரலில் கோபமில்லை, ரத்தம் எடுக்கப் போகிற வீட்டில் முகவரி கேட்கிற குரல். "பேச வேண்டியதை நான் பேசிக்கிறேன். எது ஆகும், எது ஆகாதுன்னு அவங்ககிட்டயே கேட்டுக்கிறேன்."

தலையை ஆட்டினார். வேறென்ன செய்ய முடியும். பட்டறையில் அவரை நம்பாமல் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். போனால் போகட்டும் என்று விட்டிருக்கிறார். இது அந்தக் கணக்கில் சேராது. வாசல்வரை போனார். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார்.

"டேய்."

திரும்பினார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. பையை அவிழ்த்து எடுத்துவிட்டு, சிவந்து தடித்திருந்த கணுக்காலை உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளா இந்தக் காலைத்தான்டா திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.